மடிந்த காது

தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோதுதான் அம்மாவிடம் விலையைச் சொன்னேன். மூவாயிரத்து இருநூறு வெள்ளி.

"பூனைக்கா?"

"ஸ்காட்டிஷ் ஃபோல்டும்மா. காது மடிஞ்சிருக்கும்."

மீன் வெட்டுகிற அண்ணன் கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அம்மா கொஞ்சம் யோசித்தார். "ஓ, ஜாதிப் பூனையா?"

நாயென்றால் நம் வீடுகளில் கூச்சமே இல்லாமல் சொல்வோம், ஜாதி நாய் என்று. மல்லியில்கூட ஜாதி உண்டு. ஆனால் எனக்குப் பெண் பார்க்கிற பேச்சில் ஜாதியை இழுத்ததற்காக அம்மாவோடு ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசாதவன் நான். இப்போது என் ஃபோனில் ஒரு பூனைக்குட்டியின் நான்கு தலைமுறை வம்சாவளி பிடிஎஃப்பாக இருக்கிறது.

ஆசைப்பட்டது தங்கச்சி. வீவக வீடுகளில் பூனை வளர்க்க 1989 முதல் இருந்த தடை 2024 செப்டம்பர் 1ஆம் தேதி நீங்கியது. வீட்டுக்கு இரண்டு பூனை வரை வைத்துக்கொள்ளலாம். மைக்ரோசிப்பும் உரிமமும் வேண்டும். "அண்ணே, இப்பவாச்சும்" என்று ஆரம்பித்துவிட்டாள். பூனை வளர்த்து விற்கும் ஒருவர் வீட்டுக்குப் போனோம். குட்டி என் மடியில் ஏறி ஆந்தை மாதிரி உற்றுப் பார்த்தது. அந்த நிமிடத்தில் எனக்கு எந்தத் தத்துவமும் இல்லை. பிடித்துவிட்டது, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து படித்ததுதான் தப்பு. 1961இல் ஸ்காட்லாந்தின் ஒரு பண்ணையில் சூசி என்கிற வெள்ளைப் பூனை மடிந்த காதோடு இருந்தது. இந்த இனம் முழுக்க அவள் வழி வந்ததே. காது ஏன் மடிகிறது? குருத்தெலும்புக்கு அதை நிமிர்த்தி நிறுத்தும் வலு இல்லை. குருத்தெலும்பு காதில் மட்டுமா இருக்கிறது? கணுக்கால், வால், முதுகு என எல்லா மூட்டிலும் அதே மரபணுதான் வேலை செய்கிறது. வலியோடு நடக்கும் பூனைகள் இந்த இனத்தில் உண்டு. பிரிட்டனின் பூனைப் பதிவு அமைப்பு 1970களிலேயே இந்த இனத்தைப் பதிவதை நிறுத்திவிட்டது. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், ஃபீச்சரும் பக்கும் ஒரே வரி கோடில் இருக்கின்றன.

விற்பவரிடம் கேட்டேன். கோபப்படவில்லை. மடிந்த காதையும் மடிந்த காதையும் சேர்க்கவே மாட்டோம், ஒன்று நிமிர்ந்த காதாகத்தான் இருக்கும் என்றார். அது நல்ல வழக்கம்தான், ஆனால் அந்த மரபணுவின் ஒரு பிரதி இருந்தாலே மூட்டு பாதிக்கப்படலாம். பிறகு ஒன்று சொன்னார்: "வாங்க ஆளில்லை என்றால் இந்தக் குட்டி பிறந்தே இருக்காதே. பிறக்காமல் இருந்திருந்தால் அதற்கு நல்லதா?"

அவருக்குத் தெரியாமலே டெரக் பார்ஃபிட்டைப் பேசிவிட்டார். 1984இல் வந்த புத்தகத்தில் பார்ஃபிட் இதே முடிச்சைப் போடுகிறார்: ஒரு செயல் இல்லாவிட்டால் நானே இல்லை என்கிறபோது, அந்தச் செயல் எனக்குக் கேடு செய்தது என்று எப்படிப் புகார் சொல்வது? குட்டியின் பக்கம் நின்று எனக்குப் பதில் இல்லை. அதன் வாழ்க்கை வாழத் தகுதியில்லாதது என்று சொல்ல நான் யார்? என் மடியில் அது நன்றாகத்தான் தூங்கியது.

பதில் விலைப்பட்டியலில் இருந்தது. அதே ஈற்றில் நிமிர்ந்த காதோடு ஒரு குட்டி. அதே தாய், அதே தகப்பன், அதே பிடிஎஃப். விலை பாதி. அப்படியென்றால் மீதி ஆயிரத்து அறுநூறு வெள்ளி எதற்கு? வம்சத்துக்கு இல்லை, குணத்துக்கும் இல்லை. அந்தக் கோளாறுக்குத்தான். நான் கட்டும் பணம் இந்தக் குட்டியை ஒன்றும் செய்யாது. அடுத்த ஈற்றுக்கு ஆர்டர் போடுகிறது.

"அப்ப சிங்கப்புரா வாங்கலாமா? நம்ம ஊர்ப் பூனை" என்றாள் தங்கச்சி. அந்தக் கதை இன்னும் சுவாரசியம். 1975இல் மெடோ என்ற அமெரிக்கத் தம்பதி சிங்கப்பூரிலிருந்து கொண்டுபோன பூனைகளே அந்த இனத்தின் மூலம் என்றார்கள். 1987இல் இன்னொரு அமெரிக்கர் இங்கே வந்து பழைய தாள்களைப் புரட்டினால், அந்தப் பூனைகள் 1974இல் அமெரிக்காவிலிருந்து இங்கே வந்தவையாம்! முன்பே இங்கிருந்து அனுப்பிய பூனைகளின் பேரப்பிள்ளைகள் அவை என்று மெடோ விளக்கினார். அமெரிக்கப் பதிவுச் சங்கம் தப்பில்லை என்று விட்டுவிட்டது. மரபணு ஆய்வோ அதைப் பர்மியப் பூனைக்கு மிக நெருக்கமாக வைக்கிறது. இதற்கு நடுவே நம் பயணத்துறை அதற்கு 'குச்சிந்தா' என்று பெயர் வைத்துச் சின்னமாக்கியது. கேவனா பாலத்தருகே சிலையாகவும் உட்கார்ந்திருக்கிறது. தாள் ஆட்டம் கண்டபோது பூனையில் ஒரு முடிகூட மாறவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த இடம்.

ஆனாலும் தாளை முழுக்கத் தூக்கிப்போட எனக்கு மனமில்லை. தாய்க்கு என்ன நோய், தகப்பன் எத்தனை வருஷம் இருந்தது என்று கேட்பது வேறு, யார் வீட்டு வாரிசு என்று கேட்பது வேறு. முதலாவது மருத்துவக் குறிப்பு. இதை அம்மாவிடம் விளக்கினேன். கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டார்: "எங்க அப்பாவும் அதத்தாண்டா சொல்வாரு. குடும்பம் எப்படின்னு தெரிஞ்சுக்கத்தான்னு."

அன்று அதற்கு மேல் நான் பேசவில்லை.

எருமைகள் கட்டியிருந்ததால் பஃபலோ ரோடு என்று பெயர் பெற்ற சாலையில், புளோக்குக்குக் கீழே ஒரு சாம்பல் பூனை உண்டு. இடது காதின் நுனி வெட்டியிருக்கும், கருத்தடை ஆனதற்கு அடையாளம். தங்கச்சி அதற்குப் பிஸ்கட் போடுவாள். வீட்டுக்குக் கூட்டிவரச் சொன்னால், "அதுக்கு இங்கதான் பழக்கம்" என்பாள். அதுவும் உண்மையாக இருக்கலாம்.

அந்த நிமிர்ந்த காதுக் குட்டியையாவது எடுப்போம் என்கிறாள் இப்போது. அந்தப் பணமும் அதே வீட்டுக்குத்தானே போகும் என்றேன். முறைத்தாள். நேற்று விற்பவருக்கு எழுதினேன்: தாய்ப்பூனை குதித்து ஏறுவதை ஒரு வீடியோ எடுத்து அனுப்ப முடியுமா? நீல டிக் விழுந்துவிட்டது. தங்கச்சி ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை என் ஃபோனை வாங்கிப் பார்க்கிறாள்.