படித்த தாய் வீட்டில் இருந்தால் படிப்பு வீணா?



ஒரு கேள்வி அநேக வீடுகளில் புகைந்துகொண்டே இருக்கிறது. எம்.டி. படித்தவள், எம்.டெக். படித்தவள், பிள்ளை பிறந்ததும் வேலையை ராஜினாமா செய்கிறாள். "இதுக்கா இவ்வளவு செலவு பண்ணிப் படிக்க வச்சோம்?" என்கிறார் பெற்ற தகப்பன். சபையிலோ, "எவ்வளவு பெரிய தியாகம்!" என்று சாட்சி சொல்ல எழுப்பிவிடுகிறார்கள். இந்த இரண்டு பேச்சும் எனக்கு ஒத்துவரவில்லை.

வீண் என்கிறவர்களுக்குச் சொல்லுகிறேன். படிப்பு என்ன, சம்பளச் சீட்டா? பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறும்போது பதறாமல் யோசிக்கிற புத்தி எங்கேயும் போய்விடாது. ஆனாலும் ஜனங்களின் வரிப்பணத்தில் படித்த டாக்டர் வீட்டில் இருந்தால், நோயாளிகளுக்கு நஷ்டம் உண்டு. அதை இல்லையென்று நான் மழுப்பமாட்டேன்.

தியாகம் என்கிறவர்களிடம்தான் அதிகம் பேசவேண்டியிருக்கிறது. 2003-ம் வருஷம் அமெரிக்காவில் நியூயார்க் டைம்ஸ் மேகசினில் லிசா பெல்கின் ஒரு கட்டுரை எழுதினார். பிரின்ஸ்டனில் படித்த பெண்கள் தாங்களாகவே வேலையை விட்டு வீடு திரும்புகிறார்கள் என்றார். பெரிய விவாதம் கிளம்பியது. பிறகு பமீலா ஸ்டோன் என்கிற சமூகவியல் பேராசிரியை, வேலையை விட்ட 54 பெண்களோடு உட்கார்ந்து பேசி, 2007-ல் புத்தகம் போட்டார். அவர்களில் அநேகர் வேலையை வெறுத்து விடவில்லை. பார்ட்-டைம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. கிடைத்தவர்களிடமிருந்தும் முக்கியமான பொறுப்புகள் கைமாறிப்போயின. புருஷன்மார் "உன் இஷ்டம்" என்றார்களே தவிர, தங்கள் ஆபீஸ் நேரத்தைக் குறைக்கவில்லை. உன் இஷ்டம்! எவ்வளவு அன்பான வார்த்தை! அதற்குள்ளே "பிள்ளை உன் பாடு" என்பது ஒளிந்திருக்கிறதே. அங்கே 1993-ம் வருஷத்துச் சட்டம் கொடுக்கிறதும் சம்பளமில்லாத 12 வாரம்தான்.

நம் தேசத்தில் 2017-ல் 12 வாரம் 26 வாரமானது. சந்தோஷம். ஏழாம் மாசத்துப் பிள்ளையை யார் தூக்குவது? மத்திய அரசு வேலையிலுள்ள தாய்க்குப் பிள்ளை வளர்ப்புக்கென்று சர்வீஸ் முழுவதற்கும் 730 நாள் லீவு உண்டு. அவள் வீட்டிலும் இருக்கலாம், வேலைக்குத் திரும்பியும் போகலாம். தனியார் கம்பெனியில் இருக்கிற சகோதரிக்கு அநேகமாய் ராஜினாமாக் கடிதம்தான் மிஞ்சுகிறது. திரும்பிப்போக வழி இருந்தும் ஒருத்தி வீட்டைத் தெரிந்துகொண்டால், தியாகம் என்று சொல்லுங்கள், நானும் கைதட்டுகிறேன். வழியே இல்லாதவளை மேடையேற்றிப் புகழுவது நியாயமா?

இப்படிப்பட்ட கூட்டங்களில் நீதிமொழிகள் 31-ம் அதிகாரத்தைத்தான் எடுப்பார்கள். அந்த ஸ்திரீ நிலம் பார்த்து வாங்குகிறவள், துணி செய்து விற்கிறவள். அந்தப் பகுதியைப் பிரசங்கிமார் வேகமாய்த் தாண்டிப்போய்விடுகிறார்கள், ஏனோ!

இன்னொன்றும் மனசை உறுத்துகிறது. நம் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற அக்கா தன் கைக்குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு வருகிறாள்? அவள் வேலையை விட்டால் தியாகம் என்று ஒருவரும் சொல்லமாட்டோம். "அரிசிக்கு என்னம்மா பண்ணுவே?" என்போம். தாய் மடி பிள்ளைக்கு வேண்டும் என்பது மெய்யானால், அவள் பிள்ளைக்கும் அது மெய்தானே? படித்தவள் மடிக்கு ஒரு விலை, இவள் மடிக்கு ஒரு விலையா?

ஆகையால் ராஜினாமா எழுதுமுன் புருஷனும் மனைவியும் உட்கார்ந்து பேசட்டும். "நான் விடட்டுமா, நீங்க விடுறீங்களா?" என்று ஒருதரமாவது வாய்விட்டுக் கேட்கட்டும். சிரிப்பு வரும். சிரித்து முடித்தபின் கணக்குப் போடட்டும். மாசாமாசம் அவள் பெயரில் எவ்வளவு போடுவது, பி.எஃப். பணத்தைத் தொடாமல் வைப்பதா, எத்தனை வருஷத்தில் திரும்பிப் போவது, அதுவரை படித்ததை மறக்காமலிருக்க வாரத்தில் எந்த நேரம் அவளுக்கென்று ஒதுக்குவது, அந்த நேரத்தில் பிள்ளையை யார் பார்ப்பது, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி இரண்டுபேரும் கையெழுத்துப் போட்டு வைக்கட்டும்.