எல்லைக்கல்லும் கல்லறையும்

இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைநாட்டில் ஒரு சிற்றூர் உள்ளது. எழுத்தில் சற்று நீண்டும் பேச்சில் ‘ஈம்’ எனக் குறுகியும் வழங்குவது அதன் பெயர். ஈமக்கடனும் ஈமத்தாழியும் அறிந்த தமிழ்ச்செவிக்கு அவ்வொலி ஒருகணம் திடுக்கிடலைத் தரும். வெறும் ஒலியொற்றுமைதான், எனினும் அவ்வூரின் கதையைக் கேட்டபின் அதனை எளிதில் மறக்க இயலாது.

அங்குள்ள புனித லாரன்சு தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்துள் நாம் நுழைகின்றோம். சாய்ந்த கற்கள், அவற்றின்மேல் பாசி. ஆயிரம் ஆண்டுகட்கும் மேற்பட்ட பழஞ்சிலுவை ஒன்று, தண்டின் ஒரு பகுதியை இழந்த நிலையிலும் நிமிர்ந்து நிற்கின்றது. அதற்கு அருகிலே கேத்தரின் மாம்பெசன் என்னும் பெண்ணின் கல்லறை. ஊர்க்குருவின் மனைவி, 1666 ஆகஸ்டில் கொள்ளைநோய்க்கு இரையானவள். அந்நோயால் அவ்வூரில் மாண்டோர் 260 பேர் என்பது மரபுக் கணக்கு. ஏனையோரின் கல்லறைகளைத் தேடினால் இத்தோட்டத்தில் பெரும்பாலும் காணோம். அவர்கள் எங்கே?

1665 செப்டம்பரில், இலண்டனிலிருந்து தையற்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்த துணிமூட்டையோடு நோயும் வந்தது என்பர். குளிர்காலத்தில் சற்றே தணிந்தது, மறுகோடையில் மூண்டெழுந்தது. அப்போது ஊர்க்குரு வில்லியம் மாம்பெசன் இளைஞர், ஊருக்குப் புதியவர். ஊரார் மதித்த பழைய குரு தாமஸ் ஸ்டான்லியோ, அரசின் புதிய வழிபாட்டு முறைக்கு இணங்க மறுத்துப் பதவி இழந்தவர். கொள்கையால் எதிரெதிர் நின்ற இருவரும் கைகோத்து ஊராரிடம் மூன்று வேண்டுகோள்களை வைத்தனர். இறந்தோரை அவரவர் வீட்டாரே தத்தம் நிலத்தில் விரைந்து புதைத்தல். தேவாலயத்தைப் பூட்டிவிட்டுத் திறந்தவெளியில் வழிபடுதல். ஊரெல்லையை எவரும் தாண்டாமை. எல்லைக்கல்லின் குழிகளில் காடியை ஊற்றி, அதனுள் நாணயங்களை இட்டு வைத்தனர். அயலூரார் உணவை வைத்துவிட்டுக் காசை எடுத்துச் சென்றனர்.

ஊருக்கு வெளியே, மேட்டு வயலில், எலிசபெத் ஹான்காக் என்னும் தாய் எட்டே நாட்களில் கணவனையும் ஆறு மக்களையும் தன் கையாலேயே புதைத்தாள். தூக்குவதற்குத் துணையில்லை. அவளோ நோய்க்குத் தப்பிப் பிழைத்தாள். அவ்வயலைச் சுற்றிப் பின்னாளில் வட்டச்சுவர் எழுப்பினர். அங்கே நிற்கும்போது தேவாலயத்தில் நாம் கொண்ட வியப்பு குறைந்து, ஒரு வினா மனத்தை அரிக்கின்றது. பிறர் உயிரைப் பணயமாகக் கேட்கும் தகுதி ஒருவர்க்கு எங்கிருந்து வருகின்றது?

இவ்வினா கூர்மையடைய ஒரு காரணமும் உண்டு. எல்லையை அடைப்பதற்கு முன்பே மாம்பெசன் தம் மக்கள் இருவரையும் வெளியூருக்கு அனுப்பிவிட்டார். மனைவியையும் போகச் சொன்னார், அவள் மறுத்தாள். தன் பிள்ளையைக் காத்துக்கொண்டு, ‘உன் பிள்ளையோடு இங்கேயே இரு’ என்று ஊராரிடம் கூறலாமா? கூறலாகாது என்றே முதலில் நமக்குத் தோன்றுகின்றது. ஆயினும் அவர் போகவில்லை. போக வழியிருந்தும் தங்கினார்; வீடுதோறும் சென்றார்; மனைவியை இழந்தார். அவள் இறந்ததும், தம் முடிவும் நெருங்கிற்று என்றெண்ணித் தம் மக்களுக்கு அவர் எழுதிய கடிதம் இன்றும் கிடைக்கின்றது. தங்கியமையே அவருக்கு அத்தகுதியைத் தந்தது என்பது நம் எண்ணம். பிள்ளைகளை அனுப்பிய கடன் அதனால் தீர்ந்ததென்று மட்டும் நம்மால் சொல்ல முடியவில்லை.

இனி, ஊராரின் பக்கம். அது தியாகமா? பிற்காலத்தார் தியாகப் புகழை மிகைப்படுத்தினர் என இன்றைய வரலாற்றாய்வாளர் சிலர் ஐயுறுகின்றனர். வசதியுடையோர் சிலர் முன்னரே வெளியேறினர் என்றும், வறியோர்க்கோ போக்கிடமே இல்லை என்றும் கூறுவர். புறக்கணிக்கத்தக்க வாதமன்று இது. 2020 மார்ச்சில் ‘வீட்டிலேயே இருங்கள்’ என்னும் ஆணை பிறந்தபோது, ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நாம் கதவடைத்து அமர்ந்தோம். அதே நகரங்களில் கூலிக்கு உழைத்தோர் குழந்தைகளைத் தோளிலிட்டு நெடுஞ்சாலையில் நடந்தனர். தங்குவதற்கும் ஒரு வசதி வேண்டும் என்பதை அன்று கண்டோம்.

ஆனால், போக்கிடம் இல்லாதவர் தங்கியதற்குப் பெருமை இல்லை என்று முடிவு கட்டவும் நெஞ்சு ஒப்பவில்லை. இரவில் மலைப்பாதையில் இறங்கி ஓடுவது யார்க்கும் இயலக்கூடியதே. ஆறாவது குழியைத் தோண்டிய அத்தாயின் மனத்தில் அன்று இருந்தது அறமா, அச்சமா, செயலறுந்த சோர்வா? அவள் நமக்கு ஒன்றும் எழுதி வைக்கவில்லை. கடிதம் எழுதத் தெரிந்தவர் குரு. ஆகவே அவர் மனம் நமக்குத் தெரிகின்றது. எழுதாதவர்களின் தயக்கத்தையும் சினத்தையும் அழித்துவிட்டு, ‘வீரர்கள்’ என்னும் ஒரு சொல்லை அவர்கள்மேல் போர்த்துவது அவர்கட்கு நாம் செய்யும் இரண்டாம் அடக்கமாகிவிடும்.

தேவாலயத்துள் மாண்டோரின் பெயர்ப்பட்டியல் உள்ளது. ஆண்டுதோறும் ஆகஸ்டுத் திங்களின் இறுதி ஞாயிறன்று ஊரார் கூடி, அவர்களை நினைந்து திறந்தவெளியில் வழிபடுகின்றனர்.

மாம்பெசன் சில ஆண்டுகட்குப்பின் ஈக்ரிங் என்னும் வேறோர் ஊருக்குக் குருவாகச் சென்றார். நோயூரிலிருந்து வந்தவர் என்று அஞ்சிய அவ்வூரார் அவரை உள்ளே விடவில்லை. ஊருக்குப் புறத்தே ஒரு குடிசையில் சிலகாலம் தங்கி, மரத்தடியில் நின்று அவர்களுக்குப் பிரசங்கம் செய்தார் என்பர்.