உடற்பருமையும் இல்வாழ்வார் உரையும்

அவையிற் பேசப் புகுவோன் தன் சொல்லைப் பன்முறை எண்ணிப் பேசுகின்றான். தன் மனையகத்திற் பேசுவோனோ ஒருமுறையேனும் எண்ணுவதில்லை. ஆயினும் அவையிற் சொன்ன பிழைச்சொல் அன்றே மறக்கப்படுதலும், மனையிற் சொன்ன ஒரு சொல் நாற்பதாண்டு நின்று வருத்துதலும் யாவரும் அறிந்தனவே. 'நீ பருத்துவிட்டாய்' என்று கணவன் மனைவிக்கும், 'நீங்கள் பருத்துவிட்டீர்கள்' என்று மனைவி கணவனுக்கும் சொல்லுஞ் சொல் அத்தகையவற்றுள் ஒன்று. இதனைச் சொல்லுதல் அறமா, சொல்லாது விடுத்தல் அறமா? உள்ளதை உள்ளவாறு சொல்லுதலே வாய்மை, ஆதலாற் சொல்லுக என்பர் ஒருசாரார். மனத்தைப் புண்படுத்தாமையே அன்பு, ஆதலால் வாளாவிருக்க என்பர் மற்றொருசாரார். மாணவர்க்கு வாய்மையையும் இன்சொல்லையும் ஒருங்கே கற்பிக்குங் கடப்பாடுடைய சைவாசிரியர்கள், இவ்விரண்டும் தம்முள் முரணுவனபோலத் தோன்றும் இடத்தை ஆராய்தல் வேண்டும் என்னுங் கருத்தால் இச்சிறு பொருளை எடுத்துக்கொண்டோம்.

முதற்கண் நம் நாட்டு வழக்கை நோக்குவோம். மட்டக்களப்பு வாவியின் இருகரைகளிலும், நெடுநாட் காணாத உறவினரைக் கண்ட முதியோர், 'உடம்பு வைத்திருக்கிறது' என்று மகிழ்ந்து சொல்லுதல் உண்டு. அஃது இகழ்ச்சியன்று, வாழ்த்தேயாம். 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதிப் புயலையும், 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலையையும், 2009ஆம் ஆண்டுவரை நீண்ட போரையுங் கண்ட மக்களுக்கு, மெலிந்த உடல் பசியின் அடையாளமாகவும், தடித்த உடல் வீட்டில் நெல்லுண்டு என்பதன் அடையாளமாகவும் தோன்றுதல் இயல்பே. ஆயின், பாட்டி சொல்லக் கேட்டு நகைத்த அதே சொற்களைக் கணவன் சொல்லக் கேட்கும்போது மனைவி கண்கலங்குகின்றாள். சொல் ஒன்றே; சொல்வோரும் சொல்லுங் கருத்தும் வேறு. ஆகவே, இச்சொல் தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று என்பது பெறப்படும்.

இனி, முதியோர் வாழ்த்தை இக்காலத்தில் அப்படியே கொண்டிருத்தலும் இயலாது. முன்னாளிற் படுவான்கரை உழவன் சோறுந் தயிரும் நிறைய உண்டான். உண்டதை வயலிலே வியர்வையாக்கினான். இன்று உழவையும் அறுவடையையும் இயந்திரங்கள் செய்கின்றன. எழுவான்கரையிலிருந்து மேற்கே சென்று கற்பித்த ஆசிரியர், மண்முனைத் துறையிற் காத்துநின்று வாவியைக் கடந்து, அப்பால் மிதிவண்டி மிதித்த காலம் ஒன்று; 2014இல் அவ்விடத்துப் பாலம் அமைந்த பின்னர் மோட்டார்ச் சைக்கிள் வீட்டு வாயிலிலிருந்து பாடசாலை வாயிலுக்குக் கொண்டுசேர்க்கின்றது. இவை நன்மைகளே. உழைப்புக் குறைந்தது, கலத்திலிடுஞ் சோறு குறையவில்லை என்பதே யாம் சொல்ல வந்தது. 2005, 2006ஆம் ஆண்டுகளில், வடக்குக் கிழக்கு நீங்கலாக இலங்கையின் ஏழு மாகாணங்களில் நிகழ்ந்த ஆய்வொன்று, வயதுவந்தோருள் ஏறக்குறையப் பத்தில் ஒருவர் நீரிழிவுடையர் என்றும், அந்நோய் வருநிலையில் உள்ளாரையுங் கூட்டினால் ஐவரில் ஒருவர் என்றுங் கண்டது. தென்னாசிய மக்களுக்கு இந்நோய் மேனாட்டாரினுங் குறைந்த பருமையிலேயே தோன்றுதலின், இடுப்புச் சுற்றளவு ஆடவர்க்கு 90 சென்ரிமீற்றரையும் பெண்டிர்க்கு 80 சென்ரிமீற்றரையும் எட்டுதலையே மருத்துவர் எச்சரிக்கையாகக் கொள்வர். ஆகவே, பேசாதிருத்தல் எக்காலும் தீங்கற்றது என்று சொல்லுதற்கில்லை.

வாய்மை கருதிச் சொல்லுக என்பாரை இனி நோக்குவோம். ஜேர்மனிய மெய்ந்நூலறிஞராகிய காண்ட் என்பார் 1797இல் எழுதிய கட்டுரையொன்றில், கொலைஞன் வந்து வினவினும் பொய் கூறலாகாது என்றார். அத்துணைக் கடுமையுடைய அவரும், விடைகூறாது தப்பவியலாத இடத்து மெய்யே கூறுக என்றாரன்றி, அறிந்த யாவற்றையுங் கேளாமலே கூறுக என்றாரல்லர். நம் திருவள்ளுவனாரோ, வாய்மைக்கு இலக்கணம் வகுக்கும்போதே பிறர்க்குத் தீங்கு பயவாமையை அதனுள் வைத்தார். அன்றியும், ஒருவர் அறியாததை அவர்க்கு அறிவித்தலன்றோ மெய்யுரைத்தலின் பயன்? ஒருத்தி பருத்தமையை முதலில் அறிபவள் அவளே. மணநாளுக்குத் தைத்த சட்டை கையேறாதபோது அறிந்தாள். பழைய நிழற்படத்தைக் கண்டு அறிந்தாள். அயலவள் பார்வையாலும் அறிந்தாள். அவளுக்கு அதனை எடுத்துரைத்தல், மழையில் நனைந்து வந்தவனுக்கு மழை பெய்கின்றது என்று அறிவித்தல் போலும். மறைவில்லாத இடத்து மௌனம் பொய்யாகாது. அங்கே வாய்மையின் பெயரால் வருஞ் சொல் பெரும்பாலுஞ் சொல்வோனுடைய மனக்குறையேயாம்.

சொல்லாமையே அன்பென்பார் கூற்றும் முழுதும் பொருந்தாது. தம் பருமையைத் தாமே அறிவராயினும், தம் உடலைப் பற்றித் தாம் அறியாது, அருகிருப்போர் மட்டுமே அறிவனவுஞ் சில உள. உறங்குங்காற் குறட்டை இடையறுந்து, மூச்சுச் சிறிதுநேரம் நின்று, பின் திணறித் தொடங்குவதை உறங்குவோர் அறியார். அருகில் விழித்துக் கிடப்பவரே அறிவர். அது மருத்துவர்க்கு உரைக்கவேண்டிய நோய்க்குறி. கழுத்தின் பின்புறத்துத் தோல் கறுத்துத் தடித்தலைத் தாமே காணார், பின்னிற்பவர் காண்பர். இரவிற் பலமுறை எழுந்து சிறுநீர் கழித்தலும், ஓயாத நீர்வேட்கையும், படியேறுங்கால் மூச்சிரைத்தலும் சிறிது சிறிதாக வருதலின், உடையோர்க்கு இயல்பாய்ப் போய்விடுகின்றன. உடன்வாழ்வோர்க்கே வேறுபாடாகத் தோன்றுகின்றன. இவற்றைக் கண்டும், மனம் நோவாள் என்று வாய்மூடியிருப்பவன் அவளுக்காக இரங்கினானல்லன். தனக்கு வரும் ஒருநாட் சங்கடத்துக்கு அஞ்சினான். ஆகவே, அறிவிக்கவேண்டுவது பருமையன்று. அவர் அறியாத நோய்க்குறியே என்க.

இருதிறத்தாரும் வழுவுமிடம் ஒன்றே. சொல்லலாமா என்று வினவுகின்றனரேயன்றி, இச்சொல் யார்பொருட்டு என்று வினவுகின்றாரில்லை. காரைக்காலம்மையார் வரலாற்றை ஆசிரியர்கள் பலமுறை கற்பித்திருப்பர். கணவனாகிய பரமதத்தன் தம்மைத் தெய்வமென்று அஞ்சி வணங்கக் கண்ட அம்மையார், அவன்பொருட்டுச் சுமந்த அழகுத் தசையை நீக்கிப் பேய்வடிவந் தந்தருளுமாறு இறைவனை வேண்டினார் எனச் சேக்கிழார் பெருமான் கூறுவர். மணவாழ்வில் ஒருவர் உடல் மற்றவர் கண்ணின்பொருட்டுஞ் சுமக்கப்படுகின்றது என்பதும், அச்சுமையின் பாரஞ் சுமப்பவர்க்கே தெரியும் என்பதும் இதனால் விளங்கும். அங்ஙனஞ் சுமப்பவளை நோக்கி, என் கண்ணுக்கு நீ முன்போல் இல்லை என்பது, விற்ற சரக்கு நிறை குறைந்தது என்று வழக்குரைக்கும் வணிகன் சொல். உன் மூச்சு இரவில் நின்று நின்று வருகின்றது, எனக்கு அச்சமாயிருக்கின்றது என்பது துணைவன் சொல். கண்ணின் விருப்பம் மனிதர்க்கு இயல்பே; அஃது உளதாதல் குற்றமன்று. அவ்விருப்பத்தை மறைத்து, அதன்மேல் உடல்நலம் என்னும் போர்வையைப் போர்த்துப் பேசுதலே பொய். வாய்மை வாய்மையென்று சொல்லிக்கொண்டு வரும் இப்பொய்யை மனைவியர் எளிதில் அறிந்துகொள்கின்றனர்.

எங்ஙனஞ் சொல்லுதல் என்பதைக் கூறுவாம். நம் பகுதியில் மணமகன் பெண்வீடு சென்று வாழ்தல் பழவழக்கு. புதுமாப்பிள்ளைக்கு மாமியார் சோறிடும் முறையை யாவரும் அறிவர், போதுமென்று கையால் மறைப்பினும் மேலும் ஓரகப்பை விழும், மறுத்தால் மனவருத்தம். ஈராண்டில் மருமகனுடைய இடைவார் இரண்டு துளை தள்ளிப்போகின்றது. அப்போது வயிற்றைக் காட்டி நகைப்பவள், அவ்வயிற்றை வளர்த்த அடுக்களைக்கு உரியவளேயாவாள். அவ்வாறே, பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, விடியுமுன் அடுப்பேற்றி, பாடசாலை சென்று கற்பித்து, மாலையில் மீண்டும் அடுப்படி புகும் ஆசிரியைக்குத் தன் உடலைப் பேண ஒரு நாழிகையும் எஞ்சுவதில்லை. அந்நேரத்தில் வெளியே சென்று நண்பரோடு உரையாடி மீளுங் கணவன், அவள் பருத்தாள் என்று குறைகூறுதல் நடுவுநிலையாகுமா? நிறை ஏறியது ஒருவருடலில். அதனை ஏற்றியது இருவருடைய வாழ்க்கை. ஆகவே பேச்சை 'நீ' என்று தொடங்காது 'நாம்' என்று தொடங்குதலே நீதி.

இதற்கு மருத்துவ ஆராய்ச்சியுந் துணைநிற்கின்றது. இந்திய நீரிழிவுத் தடுப்பாய்வு எனப் பெயரிய சென்னை ஆய்வொன்று 2006இல் வெளிவந்தது. அது நீரிழிவு வருநிலையில் இருந்த 531 பேரை ஏறக்குறைய மூன்றாண்டு தொடர்ந்து நோக்கியது. உணவை அளவுபடுத்தி நடைப்பயிற்சி முதலியன செய்யுமாறு அறிவுறுத்தப்பட்டோரிடத்து, அங்ஙனம் அறிவுறுத்தப்படாதோரினும், அந்நோய் வருதல் நூற்றுக்கு 28க்கு மேற் குறைந்தது. அவர்தம் உடல்நிறையோ குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. நிறை குறையாதபோதும் நன்மை விளைந்தமையின், உருவத்தைப் பற்றிப் பேசாமல், செய்யுஞ் செயலைப் பற்றிப் பேசினாலே பெரிதும் போதும். நாளை மாலை இருவரும் வாவிக்கரையில் நடந்துவருவோம் எனலாம். தேநீருக்கு இடுஞ் சீனியைப் பாதியாக்குவோம் எனலாம். இரவுச் சோற்றைக் குறைத்துக் கீரையைக் கூட்டுவோம் எனலாம். சொன்னவர் தாமும் அதனைச் செய்தல் வேண்டும். தம் கலத்திற் சோற்றைக் குவித்துக்கொண்டு பிறர் கலத்தை அளப்பவர் சொல் யார் செவியிலும் ஏறாது.

'நான் பருத்துவிட்டேனா?' என்று மனைவியே வினவின் யாது செய்வது? இங்கே மௌனமும் ஒரு விடையாகிவிடும். இல்லையென்று பொய் கூறுதல் அப்போதைக்கு இனிக்கும். ஆயின், கண்ணாடி கண்டு வந்தவள் அப்பொய்யை உடனே அறிவாள். பின்னர் அவன் கூறும் எப்புகழையும் நம்பாள். குற்றமற்ற நன்மை தருமாயிற் பொய்யும் வாய்மையின்பாற்படும் என்று வள்ளுவனார் கூறியது உண்மை. இப்பொய்யோ நம்பிக்கையைத் தேய்த்தலின் அத்தகையதன்று. ஆம், சிறிது பருத்திருக்கிறாய். உன்னிடத்து எனக்குள்ள அன்பு அதனாற் குறையவில்லை என்று சொல்லுதலே நேரிது. அங்ஙனஞ் சொல்லுதற்கு அது மெய்யாயிருத்தல் வேண்டும். மெய்யாய் இல்லாதவன் முதலில் திருத்தவேண்டுவது அவள் உடலையன்று.

இடமுங் காலமும் அறிதலும் இன்றியமையாதது. உண்ணும்போதும், உறவினர் முன்னும், கலியாணப் பந்தியிலும், பிள்ளைகள் கேட்கவும் இதனைப் பேசற்க. தில்லையிலே திருநீலகண்ட நாயனாரும் மனைவியாரும், ஒருகாற் சினந்து கூறிய ஒரு சொல்லால், ஒரே மனையில் அயலறியாது முதுமைவரை ஒருவரையொருவர் தீண்டாது வாழ்ந்தனர். அச்சொல்லோ காரணமுடைய சொல். காரணமின்றி, பலர் நகைக்கச் சொன்ன சொல் இருவர்க்கிடையே எத்தனை காலம் நிற்கும் என்பதை எண்ணிப் பார்க்க.

பெற்றோர் வீட்டிற் பேசும் இப்பேச்சைப் பிள்ளைகள் பாடசாலைக்குக் கொண்டுவருகின்றனர். வகுப்பறையில் ஒரு சிறுமிக்குப் 'பூசணிக்காய்' என்று பட்டப்பெயர் வைப்பவன் அதனைத் தானே புனைந்தானல்லன். ஐக்கிய அமெரிக்காவில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சிறுமியரை ஆண்டுகள் பல தொடர்ந்து, 2014இல் வெளிவந்த ஆய்வொன்று உண்டு. பத்து வயதளவிற் 'பருத்தவள்' என்று பிறராற் சொல்லப்பட்டோர், சொல்லப்படாதோரினும் மிகுதியாகப் பத்தொன்பதாம் வயதில் மிகுபருமை எய்தியிருந்தனர். தொடக்கத்து நிறையைக் கணக்கிற் கொண்ட பின்னரும் அவ்வேறுபாடு நின்றது. பழித்துரைத்தல் உடலை இளைக்கச் செய்யும் என்று நம்புவோர் இதனை நோக்குக.

ஆதலின், ஆசிரியர்கள் மேல்வகுப்பில் வாய்மையதிகாரம் கற்பிக்கும்போது, பொருளுரைத்து முடித்தபின் மாணவரிடம் இவ்வொரு வினாவை விடுப்பாராக: மெய்யான ஒரு சொல்லை நீ சொல்லப் புகும்போது, கேட்பவர் அதனால் அறியப்போவது யாது, அவர் அடையப்போவது யாது? இதற்கு விடைகாணப் பழகிய மாணவன் நாளை ஒரு மனைக்குத் தலைவனாகும்போது, எதனைச் சொல்லுவது, எதனைச் சொல்லாது தன் கலத்துச் சோற்றைக் குறைத்துக்கொண்டு உடன் நடப்பது என்பதைத் தானே தெரிந்துகொள்வான்.