கரணமும் காகிதமும்

மனமொத்த இருவர் கணவன் மனைவி ஆவதற்கு மூன்றாவது ஆளின் முத்திரை எதற்கு? வேற்று நாட்டில் சட்டப்படி மணம்புரிய முனையும் எவருக்கும் இந்தக் கேள்வி எழும். பிறப்புச் சான்றிதழ், மணமாகாதவர் என்ற சான்று, அவற்றின் மொழிபெயர்ப்பு, ஒவ்வொன்றின் மேலும் இன்னொரு முத்திரை என்று அலைகிறபோது, புனிதமான ஒன்றை அலுவலக வரிசையில் நிறுத்திவிட்டார்களே என்ற மனக்குறை இயல்பானது. ஆனால் அந்தக் குறை தவறான இடத்தில் போய் நிற்கிறது என்பது என் துணிபு. காகிதம் இருப்பதால் திருமணத்தின் புனிதம் கெடுவதில்லை. கேட்கத் தகாததைக் காகிதம் கேட்கும்போதுதான் கேடு நேர்கிறது.

மணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்ற எண்ணம் இன்றைய அரசுகளுக்குத் திடீரென்று தோன்றியதல்ல. சமயங்களிலும் அது நெடுங்காலமாக வேரூன்றியது. நைல் நதித் தீவான எலிபன்டைனில் வாழ்ந்த யூதர்கள் கிமு 5ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த மண ஒப்பந்தங்கள் பாப்பிரஸ் ஏடுகளில் கிடைத்திருக்கின்றன. 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம், திருமணத்தை முன்கூட்டியே கோயிலில் அறிவிக்கும்படி கத்தோலிக்கத் திருச்சபை முழுமைக்கும் விதித்தது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் இன்றும் ‘ஓலை வாசித்தல்’ என்று சொல்வது அதைத்தான். 1563இல் திரெந்து சங்கம் ஒரு படி மேலே சென்று, பங்குக் குருவும் சாட்சிகளும் இல்லாத மணம் செல்லாது என்றது. யாரும் அறியாமல் வாக்குக் கொடுத்துவிட்டுப் பின்னர் இல்லையென்று மறுத்தவர்களால் வந்த வினை அது. காதலர் சொன்ன சொல்லில் பொய் புகுந்த பிறகே பெரியோர் கரணம் என்னும் மணச்சடங்கை ஏற்படுத்தினர் என்று தொல்காப்பியக் கற்பியலும் இதே காரணத்தைக் காட்டுகிறது. ஆக, கரணம் அன்பை உண்டாக்க வந்ததல்ல. அன்பின் பெயரால் ஒருவர் ஏமாற்றப்படாமல் காக்க வந்தது.

சொந்த ஊரில் இந்தக் காவலை ஊரே செய்துவிடும். ஒருவருக்கு முன்பே குடும்பம் இருக்கிறதா என்பது தெருவுக்குத் தெரியும். அயல்நாட்டில் அந்தத் தெரு இல்லை. அதன் இடத்தில்தான் சான்றிதழ் நிற்கிறது. ஜெர்மனியில் மணம்புரியும் வெளிநாட்டவர், தமக்குச் சட்டத்தடை எதுவும் இல்லை என்று தம் நாட்டிலிருந்து சான்று கொண்டுவர வேண்டும். பல நாடுகள் அப்படியொரு சான்றை வழங்குவதே இல்லை என்பதால், அந்நாட்டவர்க்கு உயர்நிலை வட்டார நீதிமன்றத் தலைவர் விலக்கு அளிக்கலாம். ‘அப்போஸ்டில்’ முத்திரையோ அதைவிட அடக்கமானது. 1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் பிறந்த அது, ஆவணத்திலுள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்று மட்டுமே சொல்கிறது. தம் எல்லையை அறிந்திருப்பதே இத்தகைய தாள்களின் நேர்மை. அன்பு உண்டா என்று அவை கேட்பதில்லை, கேட்கவும் கூடாது.

இந்த எல்லையின் அருமை சைப்ரஸில் விளங்கும். லெபனானில் திருமணச் சட்டம் அந்தந்தச் சமயப் பிரிவின் கையில் இருக்கிறது. இஸ்ரேலில் யூதர் ஒருவர் வேற்று மதத்தவரை உள்நாட்டில் மணக்க வழியில்லை. ஆகவே இரு நாட்டு இணைகளும் விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குள் சைப்ரஸ் சென்று, நகராட்சி அலுவலரின் முன் மணம்புரிந்து திரும்புகிறார்கள். அப்படி நடந்த ஒரு யூத, கிறிஸ்தவ மணத்தைப் பதிவேட்டில் ஏற்கும்படி இஸ்ரேலின் உச்ச நீதிமன்றம் 1963இல் தீர்ப்பளித்தது. சொந்த நாடு மூடிய கதவை அயல்நாட்டின் படிவம் திறந்துவிட்டது.

தன் நெறிப்படி யாருக்கு மணமுடிப்பது என்று தீர்மானிக்கும் உரிமை சமயத்துக்கு இல்லையா என்று கேட்கலாம். உண்டு. ஆசி வழங்கவும் மறுக்கவும் அதற்கு முழு உரிமை உண்டு. ஆனால் குடிமக்களாக ஒரு குடும்பம் அமைக்கும் உரிமையும் அதே கையில் இருந்தால், நம்பாதவர் நம்புவதாக நடிக்க நேரும். நடிப்பால் எந்தச் சமயமும் பெருமை அடைவதில்லை. காகிதமே மதிலாகிவிடுவதில்லையா என்பது இதைவிட வலிய மறுப்பு. ஆகியிருக்கிறது. பிரிட்டன் 2005இல் குடியேற்றக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவர்கள் மணம்புரியத் தனி அனுமதி பெற வேண்டும் என்றது; கட்டணம் 295 பவுண்ட் வரை உயர்ந்தது. இங்கிலாந்துத் திருச்சபையில் மணப்பவர்க்கு மட்டும் அது தேவைப்படவில்லை. 2010இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், இது மண உரிமையை மீறுகிறது, சமயத்தின் பெயரால் பாகுபடுத்துகிறது என்று கண்டது. என் வாதம் இதனால் தளரவில்லை, தெளிவடைகிறது. வயது வந்ததா, முந்தைய மணம் உண்டா, விருப்பத்தோடு வந்தீர்களா என்ற கேள்விகள் மணப்பவரையே காக்கின்றன. எந்தக் கோயில், எவ்வளவு பணம் என்ற கேள்விகள் அவரைக் காப்பதில்லை, வடிகட்டுகின்றன.

பெய்ரூத்திலிருந்து சைப்ரஸின் லார்னகா செல்லும் இணை, வாக்குறுதியைத் தேடிக் கடல் கடப்பதில்லை. அதை வீட்டிலேயே ஒருவருக்கொருவர் கொடுத்திருப்பார்கள். கேட்க வேண்டியதை மட்டும் கேட்டு, கேட்டதை எழுதிவைக்க ஓர் அலுவலர் வேண்டுமென்றே அவ்வளவு தொலைவு போகிறார்கள். அந்த அலுவலர் அவர்கள் ஊரிலேயே இருந்திருக்க வேண்டும்.