மூழ்கிப் போன பொருள்

அடகு வைப்பது வேறு, விற்பது வேறு. இந்த வித்தியாசத்தை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் கும்பகோணத்து அடகுக் கடைக்காரர் ஒருவர். அது 1967-ஆம் வருஷம். எனக்கு அப்போது வயது 19.

அப்பா காலமாகி ஆறு மாதம் ஆகியிருந்தது. வைத்தியச் செலவு விட்டுப்போன கடன் போகவில்லை. அம்மாவின் வளையல்கள் அதற்கு முன்பே அதே கடையில் மூழ்கிவிட்டன. வட்டி கட்டி மீட்க முடியாமல் போன நகையை 'மூழ்கிவிட்டது' என்று சொல்கிறோமே, அந்த வார்த்தையை முதன்முதலில் சொன்னவன் நிச்சயமாகக் கடன்பட்டவனாகத்தான் இருந்திருப்பான். கடன் கொடுத்தவனுக்கு அந்தப் பொருள் எங்கும் மூழ்கவில்லை. அவனுடைய இரும்புப் பெட்டியில் பத்திரமாகத்தான் இருக்கிறது. கைக்கெட்டாத ஆழத்துக்குப் போய்விட்டது பறிகொடுத்தவனுக்குத்தான்.

வளையலுக்குப் பிறகு வீட்டில் மிஞ்சியது அப்பாவின் கிராமபோன் பெட்டி. அதைத் துணியில் சுற்றி, இருபது பிளேட்டுகளோடு ரிக்ஷாவில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். இரண்டு மாதத்தில் மீட்டுவிடலாம் என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள்.

"தம்பி, இந்த மாதிரி சாமானுக்கு அடகு கிடையாது. விலைக்குக் கொடுக்கிறதானா சொல்லு, பார்க்கலாம்" என்றார் கடைக்காரர்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. தங்கம் நெளிந்தாலும் தங்கம். உருக்கினால் அதே எடை நிற்கும். பித்தளை அண்டாவுக்குக்கூட ஓட்டை விழுந்தால் எடை விலை உண்டு. கிராமபோனை உருக்க முடியாது. அதை விரும்புகிறவன் ஒருவன் வந்தால்தான் அதற்கு விலை. வராவிட்டால் அது இடத்தை அடைக்கும் மரப்பெட்டி. அப்படிப்பட்ட பொருளை நம்பிக் கடன் கொடு என்று யாரையும் வற்புறுத்த முடியாது.

அடுத்தாற்போல் அவர் சொன்னதுதான் நியாயமில்லை. "ஸ்பிரிங் தளர்ந்து போச்சு. சவுண்ட் பாக்ஸும் சரியில்லை. 45 ரூபாய் தரலாம்" என்றார். முதல் நாள் இரவுதான் அம்மா கடைசித் தடவையாக ஒரு பிளேட்டு வைத்துக் கேட்டிருந்தாள். ஒரு தடவை சாவி கொடுத்ததற்கு ஒரு பக்கம் முழுக்கத் தளராமல் பாடியிருந்தது. எனக்கு அது தெரியும். ஆனால் எதிர்த்துச் சொல்லத் தெரியவில்லை. 45 ரூபாயை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பிளேட்டுகளுக்குத் தனியாக ஒன்றுமில்லை.

இரண்டு வாரம் கழித்து அந்தத் தெரு வழியாகப் போனேன். பெட்டி துடைத்து மெருகேறி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. விலை கேட்டேன். கடைப் பையன் என்னை யாரென்று அறியாமல், "110 ரூபாய்" என்றான்.

அந்த மனிதர் மீது எனக்கிருந்த கோபம் 26 வருஷம் ஆறவில்லை. அது எப்படி ஆறிற்று என்பதைச் சொல்வதற்குச் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்ல வேண்டும்.

அதற்கு முன் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் அடகைப் பற்றி அழகான ஒரு விதி சொல்லுகிறது. கடன்பட்டவன் தவணை தவறினால், அடகு பிடித்தவர் முன்னறிவிப்புக் கொடுத்துப் பொருளை விற்றுக்கொள்ளலாம். ஆனால் கடனும் வட்டியும் போக மிஞ்சிய தொகை அடகு வைத்தவனுக்கே சேர வேண்டும். அதாவது கடைசிவரை பொருள் அவனுடையதுதான். (அம்மாவின் வளையலில் ஏதாவது மிஞ்சியதா என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்கலாம் என்பதே எங்களுக்குத் தெரியாது.) விற்பனையில் இந்தத் தயவு கிடையாது. கை மாறிய நிமிஷமே உறவு அறுந்துவிடுகிறது. 45 ரூபாய்க்கு விற்ற பொருள் 110-க்குப் போனாலும், 1,100-க்குப் போனாலும் விற்றவன் வாயைத் திறக்க உரிமை இல்லை.

அதே சட்டத்தில் இன்னொரு விதியும் இருக்கிறது. எதிராளி தெரிந்துகொண்டால் மனசு மாறிவிடக்கூடிய ஒரு விஷயத்தைச் சொல்லாமல் வெறுமனே மௌனமாக இருப்பது, பேச வேண்டிய கடமை உள்ள சந்தர்ப்பங்களைத் தவிர, மோசடி ஆகாது. பொய் சொன்னால் குற்றம், பேசாமலிருந்தால் குற்றமில்லை. இந்த விதி எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதைப் பின்னால் சொல்லுகிறேன்.

சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு, இழந்ததை ஈடுகட்டுகிற மாதிரி எனக்குப் பழைய பிளேட்டுகளின் மேல் ஒரு பித்துப் பிடித்தது. சென்னை மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்து போகும் வரை அங்கே என் கால் படாத ஞாயிற்றுக்கிழமை குறைவு. நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுற்றுகிற அந்தக் கறுப்புத் தட்டுகளில் பெரும்பங்கு அரக்கும் கல்தூளும்தான். கை தவறினால் அப்பளம் போல் உடையும். ஆனால் 1933-இல், முப்பது வயதுகூட நிரம்பாமல் மறைந்துபோன எஸ்.ஜி. கிட்டப்பாவின் குரல் இன்றைக்கும் நமக்குக் கேட்கிறதென்றால் அது அரக்கின் தயவு. ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷத்துக்குச் சற்று அதிகமாகத்தான் அடங்கும். ஆகையால் ஒரு நாடகத்தையே பதிவு செய்ய வேண்டுமென்றால் பல பிளேட்டுகள் வேண்டும். அவற்றை 'செட்' என்பார்கள். செட்டில் ஒன்று உடைந்தாலும் கதை அறுந்து போகும். அதனால் குறைவில்லாத செட்டுக்குச் சேகரிப்பவர்களிடம் தனி மவுசு.

1993-இல் ஒரு கல்யாணத்துக்காகக் காரைக்குடிப் பக்கம் போயிருந்தேன். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வெளியேறுகிற பழைய சாமான்கள் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் குவிந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த ஊரின் மற்றொரு கதை தெரியும். கல்யாண வீட்டில் ஒருவர், பக்கத்துக் கிராமத்தில் ஓர் ஆச்சி வீட்டில் பிளேட்டுகள் இருப்பதாகச் சொன்னார். போனேன்.

பெரிய வீடு, ஆச்சி மட்டும் தனியாக இருந்தார். "வாங்க தம்பி" என்று உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தார். கணவர் ரங்கூனில் இருந்தபோது வாங்கிய கிராமபோன். மெஷின் என்றைக்கோ கெட்டு, கடைக்குப் போய்விட்டது. பிளேட்டுகள் நாற்பது இருந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு நாடக செட், ஆறு பிளேட்டுகள், கீறல்கூட விழாமல் உறையோடு இருந்தது. என் நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்த செட்டுக்காகச் சென்னையில் ஒரு நண்பர் வருஷக்கணக்காக அலைந்துகொண்டிருந்தார்.

"என்ன கொடுக்கலாம் ஆச்சி?" என்றேன்.

"எனக்கு என்ன தெரியும்? நீங்களே பார்த்துக் கொடுங்க தம்பி."

பிளேட்டு ஒன்றுக்குப் 10 ரூபாய் வீதம் 400 ரூபாய் கொடுத்தேன். ஆச்சி சந்தோஷமாக வாங்கிக்கொண்டு, வழிக்கு ஒரு பொட்டலம் முறுக்கும் கட்டிக் கொடுத்தார். சென்னைக்கு வந்த மறுநாளே அந்த ஆறு பிளேட்டையும் நண்பர் 3,000 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார்.

மனசு உறுத்தத்தான் செய்தது. அதற்குச் சமாதானம் சொல்ல வாதங்களும் வந்து வரிசையாக நின்றன. நான் பொய் சொல்லவில்லை. கும்பகோணத்துக்காரரைப் போலப் பொருளைப் பழிக்கவில்லை. சட்டம் என் பக்கம். எந்தப் பிளேட்டுக்கு என்ன மதிப்பு என்று அறிய நான் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்திருக்கிறேன்! அந்த அறிவுக்குக் கூலி இல்லையா?

இந்தக் கடைசி வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அறிவுக்குக் கூலி உண்டு. கடை வைத்திருப்பவருக்கு வாடகை உண்டு. விற்காத சரக்கின் நஷ்டம் உண்டு. பலகை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர் லாபத்துக்குத்தான் வாங்குகிறார் என்பது உள்ளே நுழைகிற எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே நுழைகிறோம், பேரமும் பேசுகிறோம். நான் எந்தப் பலகையும் மாட்டிக்கொண்டு ஆச்சி வீட்டுக்குப் போகவில்லை. விருந்தாளியாகப் போய்க் காப்பி குடித்தேன். "நீங்களே பார்த்துக் கொடுங்க" என்று அவர் சொன்ன நிமிஷத்தில், வாங்குகிறவனாக இருந்த என்னையே அவர் நியாயாதிபதியாகவும் ஆக்கிவிட்டார். சட்டம் சொல்கிறதே, பேச வேண்டிய கடமை உள்ள சந்தர்ப்பம் என்று, அது இதுவாக இல்லாவிட்டால் வேறு எது? சட்டம் எப்படியோ போகட்டும். மனசுக்கு அதில் சந்தேகம் இல்லை.

பூம்புகார் வணிகரைப் பட்டினப்பாலை போற்றுகிறது: பிறரிடம் வாங்கும்போது அளவுக்கு மேல் வாங்காதவர்கள், கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்காதவர்கள் என்று. தராசுத் தட்டு இரண்டு பேர் கண்ணுக்கும் தெரிகிற வரையில் அந்த நேர்மையைச் சோதித்துப் பார்த்துவிடலாம். ஒருவன் தலைக்குள் இருக்கிற தகவலை எந்தத் தராசில் நிறுப்பது?

ரோமாபுரியின் சிசரோ, கி.மு. 44-இல் தம் மகனுக்காகக் கடமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் ஸ்கேவோலா என்பவரைப் பற்றி ஒரு சின்னச் செய்தி வருகிறது. அவர் ஒரு நிலம் வாங்கப் போனார். பேரம் வேண்டாம், ஒரே விலையாகச் சொல் என்று கேட்டார், விற்பவன் சொன்னான். "இந்த நிலம் அதைவிட அதிகம் பெறும்" என்று சொல்லி, கேட்டதற்கு மேல் ஒரு லட்சம் நாணயம் சேர்த்துக் கொடுத்தாராம். இது நல்லவன் செய்கிற காரியம் என்பதை யாரும் மறுக்கவில்லை. புத்திசாலி செய்கிற காரியமல்ல என்றுதான் சொன்னார்கள். நல்லவன் வேறு, புத்திசாலி வேறு என்று பிரித்துப் பேசுகிற அந்தப் பேச்சுத்தான் எல்லாக் கேட்டுக்கும் வேர் என்று சிசரோ வருந்துகிறார்.

ஐந்து மாதம் கழித்து, 2,000 ரூபாயை ஓர் உறையில் போட்டுக்கொண்டு மறுபடி ஆச்சி வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் பணத்தைத் தொடவில்லை.

"அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா தம்பி?"

"தெரியும் ஆச்சி."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "பணம் பெரிசில்லை. அந்த நாடகத்துல பபூன் பேசுறப்பல்லாம் அவுகளும் கூடச் சேர்ந்து பேசுவாக. வரி பிசகாது. குப்பையை ஏன் கட்டிக்கிட்டு அழுறேன்னு பிள்ளைக ஏசிக்கிட்டே இருந்துச்சுக. யாருக்கும் வேண்டாத சாமான்தானேன்னு கொடுத்துட்டேன். இது மதிப்புள்ள சாமான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பாருங்கடான்னு அவங்ககிட்டக் காட்டி அதை மட்டும் வெச்சிருப்பேன்."

எனக்குப் பதில் இல்லை. ஆச்சியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது 2,600 ரூபாய் என்று ஐந்து மாதமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அதைத் திருப்பிக் கொடுத்தால் கணக்குத் தீரும் என்று நினைத்தேன். அதிலும் கூலி என்று 600 ரூபாயை எனக்காகப் பிடித்துக்கொண்டிருந்தேன்! அவர் இழந்ததோ, வேண்டாம் என்று சொல்லக்கூடிய சந்தர்ப்பத்தை. பொருளின் விலையைத் தெரிந்துகொள்வது அதை விற்பதற்கு மட்டும்தான் என்று எண்ணியிருந்தேன். விற்காமல் வைத்துக்கொள்வதற்கும் அது ஒரு பலம் என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

சென்னைக்குத் திரும்பியதும் நண்பரிடம் ஓடினேன். அவர் அந்த செட்டை ஏற்கெனவே இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்திருந்தார். அந்த இன்னொருவர் வேறொருவருக்கு. நகைக்காவது சீட்டு உண்டு. நாள் கடந்தாலும் போய்க் கெஞ்சிப் பார்க்க ஒரு கடை உண்டு. இது மூழ்கியே போய்விட்டது.

கும்பகோணத்துக் கடைக்காரர் மீது இருந்த கோபம் அன்றோடு ஆறியது. அவர் செய்தது சரி என்று இப்போதும் சொல்ல மாட்டேன். அவர் மேல் கோபப்பட எனக்குத் தகுதி இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

இன்று நிலைமை மாறிவிட்டது என்கிறார்கள். பழைய வால்வு ரேடியோவுக்கும் கிராமபோனுக்கும் யார் எவ்வளவு கேட்கிறார்கள் என்பதைக் கைபேசியில் பார்த்துவிடலாமாம். பார்க்கத் தெரிந்தவர்களுக்குச் சரி. ஆனால் பரணைச் சுத்தம் செய்து விற்கிறவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், அல்லது அவசரத்தில் இருப்பவர்கள். வாங்குகிறவர்களும் ஏமாறாமல் இல்லை. புதுக் குழலைப் பழைய பெட்டியில் பொருத்தி, நாய்ப் படத்தையும் ஒட்டி, அந்தக் காலத்துக் கிராமபோன் என்று விற்கிறார்கள். தெரிந்தவன், தெரியாதவன் என்ற வித்தியாசம் இருக்கும் வரை இந்தக் கேள்வியும் இருக்கத்தான் செய்யும்.

அதற்குப் பிறகு நான் எந்தப் பழைய பொருளை வாங்கப் போனாலும், இது இன்னது, இதை விரும்புகிறவர்கள் இன்ன விலை கொடுப்பார்கள், எனக்கு இவ்வளவுதான் முடியும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதனால் பல நல்ல பிளேட்டுகள் என் கைக்கு வராமல் போயிருக்கின்றன. சிலர் விலையை ஏற்றினார்கள். சிலர் ஒன்றும் சொல்லாமல் பிளேட்டை வாங்கித் துடைத்து, மறுபடி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். அப்படி வெறுங்கையோடு திரும்புகிற போதெல்லாம் ஆச்சியை நினைத்துக்கொள்வேன்.

அவர் அந்த 2,000 ரூபாயைக் கடைசிவரை வாங்கிக்கொள்ளவில்லை. காப்பி மட்டும் கொடுத்து அனுப்பினார்.