தொடாத கையின் ராசி

கைராசி என்று ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது. டாக்டர் எங்கே படித்தார், சுவரில் என்ன பட்டம் மாட்டியிருக்கிறார் என்பதெல்லாம் சனங்களுக்கு அப்புறம்தான். 'அவரு கை பட்டாப் போதும், காய்ச்ச வுட்டுடும்.' இதுதான் முதல் சான்றிதழ். வைத்தியம் தொடுவதால் நடக்கிறது என்கிற பழைய அறிவு அந்தச் சொல்லுக்குள் கிடக்கிறது. சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் நாடி ஒன்று, ஸ்பரிசம் ஒன்று. மணிக்கட்டில் மூன்று விரல் வைக்காமல் வாதம், பித்தம், கபம் என்று பேச முடியாது. சரி, தொட்டால் தீட்டு என்று விதித்துவைத்த நாட்டில் இந்தக் கைராசி சேரிக்கு எந்த வழியாக வந்தது?

வந்த வழியை அம்பேத்கர் எழுதிவைத்திருக்கிறார். 1990இல் சிறு நூலாக வெளிவந்த அவருடைய அனுபவக் குறிப்புகளில், 1929 டிசம்பரில் 'யங் இந்தியா'வில் வந்த ஒரு கடிதத்தை எடுத்துத் தருகிறார். எழுதியவர் கத்தியவார் பகுதியின் தீண்டப்படாத சாதிப் பள்ளி ஆசிரியர். மனைவிக்குப் பிள்ளை பிறந்த இரண்டாம் நாள் நோய் வருகிறது. மூச்சு முட்டுகிறது, விலாவில் வலி. வீட்டுக்கு வரமாட்டேன் என்கிறார் டாக்டர். இரண்டு ரூபாய் பீசுக்கு ஊர்ப் பெரிய மனிதர் ஜாமீன் நின்ற பிறகு வருகிறார், அதுவும் சேரிக்கு வெளியே வைத்துத்தான் பார்ப்பேன் என்கிற நிபந்தனையோடு. பச்சை உடம்புக்காரியைப் பிள்ளையோடு வெளியே கொண்டுவருகிறார்கள். டாக்டர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார். அவர் கணவரிடம் கொடுக்க, கணவர் மனைவிக்கு வைக்க, அதே வழியில் அது திரும்பிப் போகிறது. விளக்கு வெளிச்சத்தில் பார்த்து நிமோனியா என்கிறார். மருந்து அனுப்புகிறார். மறுபடி வந்து பார்க்க மறுத்துவிடுகிறார். அந்தப் பெண் செத்துப்போகிறாள்.

என்னை உறுத்துவது வேறொன்று. அந்த டாக்டர் சொன்ன நோய் சரியாகவே இருந்திருக்கலாம். மருந்தும் சரியாக இருந்திருக்கலாம். அப்படியானால் அவர் செய்தது வைத்தியமா? அந்தப் பெண் பிழைத்திருந்தால் கடிதமே எழுதப்பட்டிருக்காது. தெர்மாமீட்டர் கை மாறிப் போனது ஊர் வழக்கமாக மறைந்துபோயிருக்கும். செத்தவர்களின் கணக்காவது எங்கோ ஒரு கடிதத்தில் இருக்கிறது. இப்படித் தொடப்படாமலே பிழைத்தவர்களின் கணக்கு?

இன்றைக்கு நம்மைத் தெருவுக்கு வெளியே நிறுத்தி ஊசி போடுவதில்லை. பொது ஆஸ்பத்திரியில் சேர்க்க மறுப்பதையும், சேர்த்தபின் பாகுபாடு காட்டுவதையும் 1955ஆம் ஆண்டுச் சட்டமே குற்றமாக்கியது. ஆஸ்பத்திரிக்குள், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள் நுழையவிடாமல் தடுப்பதை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்துக்கொண்டது. ஆனால் தொட்டால்தானே தடயம் இருக்கும்? தொடாமல் விட்டதற்கு எங்கே போய்ச் சாட்சி தேடுவது? 11 மாநிலங்களில் 565 கிராமங்களைப் பார்த்து எழுதி 2006இல் வந்த ஆய்வு நூல், மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் பொதுச் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்கு வர மறுத்ததாகச் சொல்கிறது. அவர்கள் அரசுச் சம்பளம் வாங்குகிறவர்கள். தெருமுனையில் கிளினிக் வைத்திருக்கிறவரை யார் கணக்கெடுப்பது?

எங்கள் பக்கத்துச் சின்ன டவுனில் அப்படி ஒரு டாக்டர். பேர் வேண்டாம். பீஸ் குறைவு. கையில் காசில்லை என்றால் 'அப்புறம் குடு' என்பார். காலனி ஆளுக்குத் தனி பெஞ்சு கிடையாது, டோக்கன் வரிசைதான். 'வாம்மா' என்றுதான் கூப்பிடுவார். ஊர்த்தெருக்காரர் போனால் நாக்கை நீட்டச் சொல்லி, கண்ணிமையை இழுத்துப் பார்த்து, முதுகில் ஸ்டெத் வைத்து மூச்சை இழுத்துவிடச் சொல்லுவார். நம்ம ஆள் போனால் 'என்ன செய்யுது?' பதில் முடிவதற்குள் பேனா ஓட ஆரம்பித்துவிடும். ஊசி போடுவது கம்பவுண்டர். எங்கள் சனத்துக்கு அவர் கைராசிக்காரர்தான்.

என் சின்னம்மாவும் வயிற்றுவலி என்று அவரிடம்தான் போனாள். தொப்புளைச் சுற்றி ஆரம்பித்து வலது அடிவயிற்றுக்கு இறங்கிய வலி. கேஸ் என்று மாத்திரை. மறுநாளும் கேஸ். மூன்றாம் நாள் பெரியாஸ்பத்திரியில் ஒரு பயிற்சி டாக்டர், சின்னப் பொண்ணு, அந்த இடத்தை மெல்ல அமுக்கிச் சட்டென்று கையை எடுத்தது. சின்னம்மா அலறிவிட்டாள். அமுக்கும்போதைவிட விடும்போது அதிகம் வலித்தால் குடல்வாலைச் சந்தேகப்பட வேண்டுமாம். இதற்கு ஸ்கேன் வேண்டாம், கரண்டு வேண்டாம், கை இருந்தால் போதும். குடல்வால் வெடித்திருந்தது. அன்றிரவே ஆபரேசன். பிழைத்துக்கொண்டாள்.

இதைச் சொன்னால் தோழர்களே சண்டைக்கு வருகிறார்கள். சாதி இல்லப்பா, டாக்டருக்கு நேரமில்ல. உண்மைதான். 67 நாடுகளின் தகவல்களைத் தொகுத்து 2017இல் வந்த ஓர் ஆய்வில், ஒரு நோயாளிக்கு டாக்டர் ஒதுக்கும் நேரம் இந்தியாவில் சராசரி இரண்டு நிமிடம் என்று இருக்கிறது. அந்த இரண்டு நிமிடத்தை அவர் எப்படிப் பங்கு வைக்கிறார்? பஞ்சகாலத்துக் கஞ்சித்தொட்டியிலும் யாருக்குக் கெட்டி, யாருக்குத் தெளிவு என்று ஒரு கணக்கு இருக்கத்தானே செய்கிறது?

இன்னொருவர், 'அவரு மனசுல சாதி கெடையாதுங்க' என்கிறார். இருக்கட்டும். மனசை ஸ்கேன் எடுக்க நம்மால் முடியாது. கை எங்கே போகிறது, எங்கே போகவில்லை என்று கண்ணால் பார்க்கலாம். ஒழுக்கம் பேசுகிற பெரியவர்கள் முதலில் நோக்கத்தைத்தான் கேட்கிறார்கள். செய்கிறவன் பக்கம் நின்று எழுதிய ஒழுக்கம் அது. குடல்வால் நோக்கத்தை விசாரித்துவிட்டு வெடிப்பதில்லை.

நான் அவரிடம் அன்பு கேட்கவில்லை. சேரிப் பிள்ளையைத் தூக்கி வைத்துப் படம் எடுத்துக்கொள்கிற கைகளை நிறையப் பார்த்தாகிவிட்டது. வயிற்றை அமுக்கிப் பார் என்கிறேன். பிள்ளைத்தாய்ச்சியின் காலை விரலால் அழுத்திக் குழி விழுகிறதா என்று பார். இமையை இழுத்து ரத்தம் இருக்கிறதா என்று பார். தொடாதவர் நம்மை அவமதிக்கிறார் என்று மட்டும் நாம் இத்தனை காலம் பேசிவந்திருக்கிறோம். நம் உடம்பைப் பற்றித் தெரிந்துகொள்ளவே அவர் மறுக்கிறார் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். 1816இல் பாரிசில் லேனெக் என்கிற டாக்டர், ஓர் இளம்பெண்ணின் மார்பில் காது வைக்கக் கூச்சப்பட்டுக் காகிதத்தைச் சுருட்டி வைத்துக் கேட்டார். அப்படித்தான் ஸ்டெதஸ்கோப் வந்தது. அவருக்கும் தொடத் தயக்கம்தான், ஆனால் அந்த நெஞ்சின் சத்தம் அவருக்கு வேண்டியிருந்தது.

2020இல் கொரோனா வந்தபோது எல்லாரையும் தள்ளி நிறுத்தினார்கள். 'டாக்டர் கிட்டக்கூட வரல, எட்டி நின்னே பாத்தாரு' என்று ஊர்த்தெருவில் புலம்பியதைக் கேட்டு எங்கள் தெருக் கிழவிகள் சிரித்தார்கள். அவர்கள் சிரிக்கக் காரணம் உண்டு. எத்தனையோ ஊர்களில் ஊர்த்தெருப் பிள்ளைகளைப் பிடித்திழுத்து வெளியே எடுத்துத் தொப்புள்கொடி அறுத்தது சேரிக் கைதான். பிள்ளையைக் குளிப்பாட்டி முடிக்கிற வரைக்கும் அந்தக் கைக்குத் தீட்டு இருந்ததில்லை. அயோத்திதாசர் சித்த மருத்துவர் என்பதையும் இங்கே நினைவுபடுத்தலாம்.

சின்னம்மா இன்றைக்கும் அந்த டாக்டரிடம் போகிறாள். ராத்திரியில் குழந்தைக்குக் காய்ச்சல் கொதித்தால் திறந்திருப்பது அந்தக் கதவுதான். எங்கள் காலனிப் பெண்கள் நோய்களை இரண்டாகப் பிரித்துவைத்திருக்கிறார்கள்: தொட்டுப் பார்க்க வேண்டாத நோய், தொட்டுப் பார்க்க வேண்டிய நோய். சளி, காய்ச்சல், பேதி என்றால் டவுன் டாக்டர். வயிற்றுவலி, மார்பில் கட்டி, பிள்ளைத்தாய்ச்சிக்குக் கால்வீக்கம் என்றால் பெரியாஸ்பத்திரி. 'அவரு நல்லவருதான், வவுத்துவலின்னா மட்டும் அங்க போவாத' என்று புதுசாக் கட்டிக்கொண்டு வருகிற பெண்களுக்கும் சொல்லிவைக்கிறார்கள். பெரியாஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், ஒரு நாள் கூலி போகும். கடைசி பஸ் ராத்திரி ஒன்பதே காலுக்கு. வலி இருந்தால் அதுக்குள்ள சொல்லிடணும் என்று சின்னம்மா மருமகள்களிடம் கண்டித்து வைத்திருக்கிறாள்.