மூச்சுக்காகக் காத்திருத்தல்

செஞ்சிக்காரர்களுக்குக் கடல் என்றால் புதுச்சேரிதான். திண்டிவனத்தில் பஸ் மாறிப் போக வேண்டும். அங்கே கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள் எங்கள் ஊரிலிருந்து பிரெஞ்சுக்காரர் காலத்தில் போனவை. அந்தத் தூணடியில் உட்கார்ந்து கடலைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும்.

நம் கரையில் திமிங்கலத்தைப் பார்ப்பது பெரும்பாலும் அது சாகும்போதுதான். 2016 ஜனவரியில் மணப்பாடு பக்கம் 80-க்கும் மேற்பட்டவை கரை ஒதுங்கின. மீனவர்கள் கடலுக்குள் தள்ளித் தள்ளி விட்டார்கள். பல திரும்பி வந்து மணலிலேயே உயிர்விட்டன. 1973 ஜனவரியிலும் அதே கரையில் நூற்றுக்கு மேல். அந்தப் படங்களைப் பார்த்ததிலிருந்து, உயிரோடு ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று மனதில் கிடந்தது.

அதற்குத்தான் திருகோணமலை. கொழும்பிலிருந்து இரவு ரயில். கரையை ஒட்டியே கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு இறங்குகிறது. அதனால் ஆழ்கடல் உயிர்கள் கரைக்கு இவ்வளவு பக்கத்தில் வருகின்றன. மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை இங்கே திமிங்கலங்களைக் காணலாம். தெற்கே மிரிஸ்ஸவில் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. 1980-களின் தொடக்கத்திலேயே 'துலிப்' என்ற பாய்மரப் படகில் வந்த ஆய்வாளர்கள் இந்தக் கடலில் திமிங்கலங்களின் ஒலியைப் பதிவு செய்தார்கள். பிறகு போர். 2009 வரை, கடலோடிகளே நினைத்த நேரத்தில் கடலுக்குப் போக முடியாத காலம்.

முதல் நாள் மாலை பிரெட்ரிக் கோட்டை வழியாகக் கோணேசர் கோயிலுக்கு ஏறினேன். கோட்டைக்குள் புள்ளிமான்கள் மேய்கின்றன. பாறை உச்சியில் கோயில், கீழே நேராகக் கடல். செஞ்சியின் ராஜகிரிக் கோட்டை ஏறி வளர்ந்தவனுக்குக் கோட்டையும் பாறையும் பழக்கம். அடிவாரத்தில் வயலுக்குப் பதில் நீர் இருந்ததுதான் புதிது. சில நாட்களில் இந்த உச்சியிலிருந்தே திமிங்கலம் தெரியும் என்று பூக்கடை அம்மா சொன்னார்.

விடிவதற்குள் நிலாவெளியில் படகேறினோம். ஃபைபர் படகு, பின்னால் ஒற்றை எஞ்சின். ஓட்டியவர் அறுபதைத் தாண்டியவர். கரை மெல்லிய கோடாக ஆனதும் எஞ்சினை நிறுத்தினார்.

"அண்ணே, இங்க வருமா?"

"கொஞ்சம் பொறுங்கோ தம்பி. அது மூச்சு விட மேல வரத்தானே வேணும்."

அதற்குப் பிறகு நெடுநேரம் ஒன்றும் இல்லை. படகு ஆடியது, வெயில் ஏறியது. பேச்சு தானாக நின்றது.

முதலில் கண்டது தாரையைத்தான். தூரத்தில் வெள்ளையாக, நேராக எழுந்தது. சத்தம் அதற்குப் பின்னால் வந்தது: கனமான, நிதானமான ஒரு வெளிமூச்சு. நீலத் திமிங்கலம் என்றார். பிறகு முதுகு. மழையில் நனைந்த எங்கள் ஊர்ப் பாறை மெல்ல நகர்ந்தால் எப்படி இருக்குமோ அப்படி, சாம்பலும் நீலமுமாக, முடிவே இல்லாமல் உருண்டுகொண்டிருந்தது. சில மூச்சுகள். கடைசியில் வாலை உயர்த்திச் செங்குத்தாக இறங்கியது. அது போன இடத்தில் அலையே இல்லாத ஒரு வழவழப்பான வட்டம் கொஞ்ச நேரம் இருந்தது.

திருவண்ணாமலைக்குப் பக்கத்து ஊர்க்காரனுக்கு மூச்சைக் கவனி என்ற உபதேசம் புதிதல்ல. ஆனால் நாம் மறந்தாலும் நம் மூச்சு நடக்கும். திமிங்கல இனத்துக்கு அந்தச் சலுகை இல்லை. ஒவ்வொரு மூச்சும் அது எழுந்து வந்து, நினைத்து விடுவது. அதே இனத்து ஓங்கில்கள் (டால்பின்கள்) உறங்கும்போதுகூட மூளையின் ஒரு பாதி விழித்திருக்கிறது. இருபது மீட்டருக்கு மேல் நீளமுள்ள அந்த நீலத் திமிங்கலத்தின் நாள் முழுவதும் இந்த ஒரு கடமையைச் சுற்றித்தான். நாங்கள் பார்க்கப் போனது அதன் மூச்சை என்பது அப்போதுதான் புரிந்தது.

மறுபடி எழுந்தபோது வேறொரு படகு வேகமாக அதன் முன்னால் பாய்ந்தது. ஒரே மூச்சு; உடனே இறங்கிவிட்டது. எங்கள் படகுக்காரர் முகம் சுருங்கியது. 100 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது என்று 2012-லிருந்தே இலங்கையில் விதி இருக்கிறது. பாதி மூச்சில் விரட்டப்படுவது என்னவென்று கோட்டைப் படி ஏறிய எவருக்கும் தெரியும். ஒரு புகைப்படத்துக்காக அதைச் செய்வது கொடுமை.

தெற்கே இன்னும் மோசம். தெய்வேந்திரமுனைக்கு அப்பால் உலகின் பெரும் கப்பல் பாதைகளில் ஒன்று இந்த நீலத் திமிங்கலங்கள் இரை தேடும் நீரின் வழியாகவே போகிறது. மற்ற நீலத் திமிங்கலங்கள் பெரும்பாலும் இரைக்காகக் குளிர்கடலுக்குப் போகும், இவை போவதில்லை. 2003-ல் ஆஷா டி வோஸ் என்ற இலங்கை ஆய்வாளர் கடலில் மிதந்த சிவந்த எச்சத்தைக் கண்டுதான், இவை இந்த வெப்பக் கடலிலேயே சிற்றிறால் தின்று வாழ்கின்றனவா என்று தேடத் தொடங்கினார். ஆக, ஓடிப் போக அவற்றுக்கு வேறு இடமில்லை. கப்பல் மோதிச் சாகின்றன. 2022-ல் எம்.எஸ்.சி. நிறுவனம் தன் கப்பல்களைத் தெற்கே தள்ளிச் செலுத்தத் தொடங்கியது. மற்றவர்களும் அப்படிச் செய்தால் போதும். சில மைல் அதிகம், அவ்வளவுதான்.

நீங்கள் போவதானால், ஏறும் முன்பே படகுக்காரரிடம் சொல்லுங்கள்: துரத்த வேண்டாம், தள்ளி நின்று எஞ்சினை நிறுத்துங்கள் என்று. ஒன்றுமே தெரியாமல் திரும்பினாலும் பேசிய கூலியை முழுசாகக் கொடுங்கள்.